வைர முத்திரையும் கியூ காப்பகமும்: பழைய அச்சுக் கண்ணாடியின் காலத்தைக் கண்டறிய உதவும் ஒரு சேவை

லண்டனின் மேற்குப் பகுதியான கியூவில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் பலர் தம் முன்னோரைப் பற்றி அறிந்துகொள்ள வருகிறார்கள். நான் போனது ஒரு சர்க்கரைக் கிண்ணத்துக்காக. தம் பொருள்களின் வடிவத்தைப் பிறர் நகலெடுக்காதிருக்க உற்பத்தியாளர்கள் பதிவு செய்த வடிவப் பதிவேடுகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன; அவற்றை இதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். விக்டோரியா காலத்து அச்சுக் கண்ணாடிப் பாத்திரங்களைச் சேர்ப்பவர்களுக்கு இதைவிட நம்பகமான துணை வேறில்லை என்பது என் கணிப்பு. இதற்குக் கட்டணமும் இல்லை.

கிண்ணத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். ஊதா நிறத்தின் ஊடே வெண்மை மேகம்போலக் கலந்து ஓடும் கண்ணாடி அது. சேகரிப்பாளர்கள் அதை ஸ்லாக் என்பார்கள். தயாரித்த சோவர்பி நிறுவனம் மலக்கைட் என்ற பெயரில் விற்றது. விற்றவர் கட்டியிருந்த சிறு அட்டையில் 1853 என்று எழுதியிருந்தது. அந்த ஆண்டை நம்பித்தான் அவர் கேட்ட விலையைக் கொடுத்தேன்.

உருகிய கண்ணாடிக் குழம்பை இரும்பு அச்சுக்குள் விட்டு, மேலிருந்து ஒரு தண்டினால் அழுத்தி எடுப்பதே அச்சுக் கண்ணாடி. அதனால் வெளிப்புறம் வேலைப்பாட்டுடனும் உட்புறம் வழவழப்பாகவும் இருக்கும். அச்சின் துண்டுகள் சேர்ந்த இடங்களில் மெல்லிய கோடுகள் மேடிட்டு நிற்கும். பாத்திரம் அச்சில் செய்யப்பட்டது என்பதற்கு இவை சான்று. எப்போது செய்யப்பட்டது என்பதை இவை மட்டும் சொல்லிவிடா. பிரிட்டிஷ் கண்ணாடியில் காலத்துக்குச் சான்று கூறுவது பெரும்பாலும் அடியிலோ உட்புறத்திலோ புடைத்திருக்கும் வைர வடிவப் பதிவு முத்திரைதான்.

1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களுக்கு இந்த முத்திரை இடப்பட்டது. உச்சியில் உள்ள வட்டத்துக்குள் ரோமன் எண் மூன்று இருந்தால் பொருள் கண்ணாடி வகையைச் சேர்ந்தது. நான்கு மூலைகளிலும் ஆண்டெழுத்து, மாத எழுத்து, நாள், பதிவுக் கட்டின் எண் (அன்று பதிவானவற்றில் எந்தத் தொகுப்பு என்பதைக் காட்டுவது) ஆகியவை இருக்கும். ஆனால் ஆண்டெழுத்துகள் அகரவரிசையில் வருவதில்லை. 1868-ல் மூலைகளின் பொருளும் மாறிவிட்டது. 1867 வரை ஆண்டெழுத்து மேல் மூலையிலும் நாள் வலப்புறத்திலும் இருந்தன. 1868 முதல் நாள் மேலே போய், ஆண்டெழுத்து வலப்புறத்துக்கு வந்தது. அத்துடன் பழைய எழுத்துகளே மறுபடியும் பயன்பட்டன. 1878 மார்ச் 1 முதல் 6 வரையிலான ஆறு நாள்களுக்கு மட்டும் வேறோர் ஆண்டெழுத்து வந்திருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

என் கிண்ணத்தின் முத்திரையில் ஒய் என்ற ஆங்கில எழுத்து இருந்தது. முதல் அட்டவணையில் அது 1853-ஐயும், இரண்டாம் அட்டவணையில் 1879-ஐயும் குறிக்கும். விற்றவர் எழுத்தைப் பார்த்தாரே தவிர, அது நிற்கும் மூலையைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, முத்திரையின்மேல் சிறிது முகப்பவுடரைத் தூவி விரலால் மெல்லத் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது எழுத்து வலது மூலையில் தெளிவாகத் தெரிந்தது. மேல் மூலையில் இருந்தது ஓர் எண். எனவே 1879. அதன் அருகிலேயே சோவர்பியின் மயில்தலை வணிகக்குறியும் இருந்தது. அக்குறி 1876-ல்தான் பதிவு செய்யப்பட்டது என்பதால், 1853-ல் வடிவமைத்த பாத்திரத்தில் அது முதலிலிருந்தே இருந்திருக்க வழியில்லை. ஒரே கிண்ணத்தில் இரண்டு சான்றுகள் ஒன்றையொன்று உறுதிசெய்ததைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியில், கூடுதல் விலை கொடுத்துவிட்ட வருத்தம் பாதி குறைந்துவிட்டது.

முத்திரையைப் படிக்க அட்டவணை போதும். ஆனால் இந்த வடிவத்தை உண்மையில் யார் பதிவு செய்தார், பதிவானது கிண்ணமா அதன் மேலுள்ள வேலைப்பாடா என்பதை அறியக் கியூவுக்குத்தான் போக வேண்டும். காப்பகத்தின் இணையப் பட்டியலில் பிடி 44 (BT 44) என்ற வரிசையில் பதிவேடுகளும், பிடி 43 என்ற வரிசையில் படத் தொகுதிகளும் இருக்கின்றன. நாளையும் கட்டு எண்ணையும் வைத்து முதலில் பதிவேட்டைப் பார்த்தால் வடிவத்தின் எண்ணும் உரிமையாளரின் பெயரும் முகவரியும் கிடைக்கும். அந்த எண்ணைக் கொண்டு படத்தைத் தேட வேண்டும். வாசகர் அட்டை பெற அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் தேவை. பையைப் பூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டு, பென்சிலும் கைப்பேசியும் மட்டும் எடுத்துச் சென்றேன். பேனாவுக்கு அனுமதியில்லை, நம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். கிண்ணத்தை வீட்டில் விட்டுவிட்டு, எல்லாப் பக்கமும் எடுத்த படங்களையும் அளவுகளையும் கொண்டு சென்றது நல்லதாகப் போயிற்று.

பதிவேட்டில் சோவர்பியின் பெயரும், டைன் ஆற்றங்கரையில் நியூகாசிலுக்கு எதிரே உள்ள கேட்ஸ்ஹெட் முகவரியும் சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. பின்னர் படத் தொகுதி வந்தது. இரு கைகளாலும் தாங்க வேண்டிய கனமான தொகுதி அது. அதைப் பஞ்சுத் தாங்கியில் கிடத்தி, ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, என் எண்ணுக்குரிய பக்கத்தை அடைந்தபோது, அங்கே என் கிண்ணம் கோட்டோவியமாக இருந்தது. விளிம்பின் மணிகளைப் படத்தில் எண்ணிவிட்டுக் கைப்பேசியிலும் எண்ணினேன், இரண்டும் ஒத்துப்போயின. உதவி மேசையில் இருந்தவர்கள், பழக்கமில்லாத எனக்கு எந்த வரிசையில் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சலிக்காமல் விளக்கினார்கள்.

இச்சேவையால் முடியாததையும் சொல்ல வேண்டும். பதிவேடு தருவது வடிவம் பதிவான நாளை. பாத்திரம் செய்யப்பட்ட நாளை அன்று. கண்ணாடி வடிவங்களுக்கு 1842-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த பாதுகாப்பு மூன்றாண்டுகள்தான் என்றாலும், முத்திரை வெட்டிய இரும்பு அச்சு அதன்பின்னும் உழைத்துக்கொண்டிருக்கும். ஆகவே 1879 என்பது கீழ் எல்லை மட்டுமே. பதிவு செய்யப்படாத வடிவங்களை இங்கே தேடிப் பயனில்லை. அமெரிக்க அச்சுக் கண்ணாடிக்கும் இது உதவாது. அதற்கு, வீலிங் நகரில் வில்லியம் லெய்ட்டன் 1864-ல் உருவாக்கிய மலிவான சோடா-சுண்ணாம்புக் கலவைக்கு முந்தையதா பிந்தையதா என்று எடையையும், தட்டினால் எழும் ஓசையையும் கொண்டு பார்ப்பதுதான் வழக்கம். ஈயம் கலந்த பழைய கண்ணாடி கனமாக இருக்கும்; மணிபோல ஒலிக்கும்.

1884 முதல் வைர முத்திரைக்குப் பதிலாக ஆர்டி (Rd) என்ற எழுத்துகளுடன் தொடர் எண் வந்தது. 1890-இன் தொடக்கத்தில் அது சுமார் 1,41,000. 1900-இன் தொடக்கத்தில் சுமார் 3,51,000. இவற்றுக்கான பதிவேடுகள் பிடி 51-லும் படங்கள் பிடி 50-லும் உள்ளன. கேட்ஸ்ஹெட்டிலேயே இயங்கிய ஜார்ஜ் டேவிட்சன் நிறுவனம் 1889-ல் காப்புரிமை பெற்ற பேர்லைன் வகையில், விளிம்பு பால்போல வெளுத்த மஞ்சள் தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. யுரேனியம் கலந்திருப்பதால் புற ஊதா டார்ச்சின் ஒளியில் அது பச்சையாக மின்னும். இன்றும் யுரேனியக் கண்ணாடி செய்யப்படுவதால், அந்த மின்னலை வயதுக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. மாறாக, என் தட்டின் அடியில் உள்ள எண்ணைக் கியூவில் பத்து நிமிடங்களில் சரிபார்க்க முடிந்தது.

விற்றவரின் அட்டையைக் கழற்றிவிட்டு நான் எழுதி வைத்த அட்டை இப்போது கிண்ணத்துக்குள் கிடக்கிறது: 'சோவர்பி, கேட்ஸ்ஹெட். வடிவம் பதிவானது 1879. செய்யப்பட்டது அவ்வாண்டிலோ அதற்குப் பின்னரோ.'