பதக்கப் பெட்டி: மரவேலை அருமை, ரிபனில் கவனம் தேவை

மட்டக்களப்பு நகரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்று, வாசிப்பறைக்காகச் செய்துகொடுத்த காட்சிப் பெட்டி இது. உள்ளே இலங்கையின் முன்னாள் இராணுவத் தளபதி மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாருவின் படம், அவருடைய விருதுகளின் மாதிரிகள், ஒரு குறிப்பு அட்டை.

மரவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மூலையும் நகம் நுழையாதபடி பொருந்தியிருக்கிறது. உள்ளாழம் இரண்டு அங்குலம் என்பதால் பதக்கம் கண்ணாடியில் முட்டாது.

பிழை ரிபனில். எல்லாவற்றையும் 32 மில்லிமீற்றர் அகலத்தில் வாங்கியிருந்தார்கள். போர்ப் பதக்கங்களுக்கு அது சரி, ஓ.பி.ஈ. என்ற பிரித்தானியப் பேரரசு விருதுக்கும் ஈ.டி. என்ற பகுதிநேரப் படை அதிகாரிகளின் நீண்டகாலச் சேவை விருதுக்கும் 38 வேண்டும். பெயருக்குப் பின்னால் இவ்விரண்டும் சேர்ந்து வருவதைப் பார்த்து, பதக்கங்களையும் அருகருகே குத்திவிட்டார்கள். ஓ.பி.ஈ. முதலில், போர்ப் பதக்கங்கள் அடுத்து, அதன் பிறகே ஈ.டி. நடுவில் மஞ்சள் கோடு ஓடும் அந்தப் பச்சை ரிபன், பகுதிநேரப் படையில் நீண்டகாலம் அதிகாரியாக இருந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. போர்க்காலச் சேவை இரட்டிப்பாகக் கணக்கிடப்பட்டது. சட்டம் படித்தவர் 1934இல் பகுதிநேரப் படையான இலங்கை இலகு காலாட்படையில் சேர்ந்து, பின்னர் தளபதியானார். அந்தப் பகுதிநேரச் சேவைக்கு ஈ.டி.தான் சாட்சி. அதைத் தவறான இடத்தில் வைக்கவே கூடாது.

அட்டையில் 'முதல் இராணுவத் தளபதி' என்று அச்சிட்டிருந்தார்கள். 1949 ஒக்டோபர் 10இல் படை தொடங்கியபோது தளபதி பிரித்தானியரான கெய்த்னஸ் பிரபு. முத்துக்குமாரு 1955 முதல் 1959 வரை அப்பதவியில் இருந்த முதல் இலங்கையர். அவர் ஒரு தமிழர் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். 'முதல் இலங்கைத் தளபதி' என்றாலும் இலங்கையின் முதல் தளபதி என்றே படும். ஆகவே அப்படியும் போடாமல், 'தளபதியான முதல் இலங்கையர்' என்றே எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பிழைகளையும் கடைக்காரர் மேலதிகக் காசு கேட்காமல் திருத்தித் தந்தார்.

உண்மையான பதக்கம் கொடுப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. வினாகிரி மணம் வரும் சிலிக்கன் பசை உலோகத்தை அரிக்கும். நூலால் தைக்கச் சொல்லுங்கள். கம்பளித் துணியில் வெள்ளி கறுக்கும், பருத்தி வெல்வெட் நல்லது. பிராசோ போட்டு மினுக்க விடாதீர்கள், முலாம் போய்விடும்.

வாவிப் பக்கத்து வீடுகளில் மாரிக்குச் சுவர் ஈரம் கசியும். பெட்டியின் பின்மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள். பின்னேர வெயில் படும் சுவர் வேண்டாம், ரிபன் வெளுத்துவிடும்.