சோப்பு டெமோவுக்கு எந்தக் குறிப்பு கைகொடுக்கும்: போனா, அட்டையா, சார்ட்டா?

தண்டையார்பேட்டைப் பக்கம் மகளிர் குழுக்களுக்குத் தேங்காய் எண்ணெய் சோப்பு செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். வீட்டில் தனியாகச் செய்யும்போது எல்லா அளவும் மனப்பாடம். இருபது பேர் முன்னால் நின்றால் கதை வேறு. "அக்கா, இதுல கடலை மாவு போடலாமா?" என்று ஒருவர் கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள், எங்கே விட்டோம் என்பது மறந்துபோகும். குழம்பில் உப்பு கூடினால் சமாளிக்கலாம், இது காஸ்டிக் சோடா. 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 87 கிராம் சோடா, 190 கிராம் தண்ணீர். சோடா கூடிவிட்டால் அந்த சோப்பு தோலை எரிக்கும். அதனால் குறிப்பு இல்லாமல் மேஜை முன் நிற்கவே மாட்டேன்.

முதலில் போனில்தான் வைத்திருந்தேன். எழுத்தைப் பெரிதாக்கலாம், எண்ணெயின் அளவு மாறினால் அங்கேயே திருத்தலாம். ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. ரப்பர் கையுறை போட்ட விரலுக்குத் திரை சரியாக அசையாது. நடுவில் அணைந்துவிட்டால் கையுறையைக் கழற்ற வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. சோடா பட்ட கையுறையோடு போனைத் தொடுவோம், வகுப்பு முடிந்ததும் அதே போனைக் காதில் வைப்போம்.

அட்டை பரவாயில்லை. ஒரு அட்டைக்கு ஒரு வேலை என்று எழுதி, மூலையில் ஓட்டை போட்டு வளையத்தில் கோத்துவிட்டால் வரிசை கலையாது. வளையம் இல்லாவிட்டால் ஃபேன் காற்றில் பறந்துவிடும், மே மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்லவும் முடியாது. ஒரே குறை, அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். கலக்கும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும். அதனால் பேசும் பகுதிக்கு மட்டும் இரண்டு அட்டை வைத்துக்கொள்கிறேன். ஒன்று ஆரம்ப எச்சரிக்கைக்கு: தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது, அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, எவர்சில்வர்தான். இன்னொன்று கடைசிப் பேச்சுக்கு: வெட்டிய சோப்பை 4 முதல் 6 வாரம் காயவிடுவது பற்றி.

கலக்கும் நேரத்துக்கு சார்ட்தான். கறுப்பு மார்க்கரில் ஏழே வரி. முதல் தடவை அதை என் முதுகுப் பக்கச் சுவரில் ஒட்டினேன். சூடான சோடாக் கரைசலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் படித்தபோது, ஒரு குழந்தை மேஜை ஓரம் வந்து நின்றிருந்தது. அன்று நடுங்கிப்போனேன். அன்றிலிருந்து சார்ட் எதிர்ச் சுவரில், உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்னால். தலையை நிமிர்த்தினால் போதும், எழுத்தும் தெரியும், கூட்டமும் தெரியும். அவர்கள் பார்த்து எழுதிக்கொள்ள முடியாதே என்றால், ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் அடுத்து என்ன என்பதைத்தான் சார்ட் சொல்லும். எது முடிந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு நான் கண்ட வழி கிண்ணத்திலேயே எழுதுவது. எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் பேப்பர் டேப் ஒட்டி, பெயரும் கிராமும் வரிசை எண்ணும் எழுதிவிடுவேன். கொட்டியதும் கிண்ணம் தனித் தட்டில் கவிழ்ந்துவிட வேண்டும். வாசனை எண்ணெய் ஊற்றினேனா என்ற சந்தேகம் வந்தால் நினைவைத் தோண்ட வேண்டாம், 4-ஆம் எண் கவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்தால் சரி. போன், அட்டை, சார்ட் மூன்றும் சேர்ந்து செய்யாத வேலையை இந்த டேப் செய்கிறது.

சோடாவுக்கு மட்டும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. காசிமேட்டுக் கடல் காற்று வீசும் ஊரில் திறந்து வைத்த சோடா ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுத்துவிடும், அப்புறம் தராசு 87 என்று காட்டினாலும் உள்ளே இருப்பது 87 இல்லை. சார்ட்டின் முதல் வரியே அதுதான்: "சோடா டப்பா மூடியிருக்கா?"