கும்மி மேடைக்குக் குறைந்த செலவில் எந்த லூப்பர் பெடல் வாங்கலாம்?

பாடியதையும் வாசித்ததையும் மேடையிலேயே பதிந்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவைத்து, அதன்மேல் அடுத்த அடுக்கைச் சேர்க்க உதவுவது லூப்பர் பெடல். அதை முதன்முதலாக வாங்க நினைக்கும் கொங்கு வட்டாரத்துச் சிறு இசைக்குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பது பாஸ் நிறுவனத்தின் ஆர்சி-1. டிசி எலக்ட்ரானிக் நிறுவனத்தின் டிட்டோவையும் நக்ஸ் நிறுவனத்தின் லூப் கோரையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். அதே பாஸ் நிறுவனத்தின், மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் ஆர்சி-505 மிக அருமையான கருவிதான். ஐந்து தடங்களை, அதாவது ஐந்து பதிவுகளை, தனித்தனியே கையாளலாம். ஆனால் அதன் விலை பல மடங்கு அதிகம் என்பதால், நோம்பிக்கு நோம்பி வரும் வருமானத்தில் கருவி வாங்குகிறவர்கள் அதை இப்போது தேட வேண்டியதில்லை.

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பதிவு நேரத்தை. டிட்டோவில் 5 நிமிடம், ஆர்சி-1இல் 12 நிமிடம், லூப் கோரில் 6 மணி நேரம் வரை பதியலாம். மேடையில் நாம் சுழலவிடுவதோ நான்கு அல்லது எட்டு ஆவர்த்தனம், அதாவது தாளச் சுற்று. அது அரை நிமிடத்தைத் தாண்டுவது அரிது. எனவே அந்த எண்களை விட்டுவிட்டு, பெடலை எப்படி நிறுத்துவது என்று பாருங்கள். ஒற்றைச் சுவிட்ச் பெடலில் முதல் மிதியில் பதிவு தொடங்கும், இரண்டாம் மிதியில் பதிந்தது ஒலிக்கும், மூன்றாம் மிதியில் மேலடுக்கு பதிவாகும். நிறுத்துவதற்கு அடுத்தடுத்து இரண்டு முறை மிதிக்க வேண்டும். ஒலி இரண்டாவது மிதியில்தான் நிற்கும் என்பதால், முதல் மிதியைத் தாளத்துக்குச் சற்று முன்பே வைத்தாக வேண்டும். வள்ளி கும்மியில் பாட்டு முடியும் இடத்தில் அத்தனை பேரின் கைகளும் ஒரே அடியில் நிற்கின்றன. அப்போது பெடல் மட்டும் ஒரு கணம் பிந்தினாலும் அது எல்லோர் காதிலும் விழும். ஆர்சி-1இல் நிறுத்துவதற்கென்றே தனிச் சுவிட்ச் ஒன்றை இணைக்கத் துளை இருக்கிறது. அதை இணைத்துவிட்டால் ஒரே மிதி போதும். டிட்டோவில் இந்த வசதி இல்லை. பேட்டரியிலும் அது இயங்காது. உள்ளங்கையில் அடங்கும் அளவும் சுத்தமான ஒலியும் அதன் சிறப்புகள். தனியாகக் கிடார் வாசிப்பவருக்கு அதுவே போதுமானது.

ஆர்சி-1இன் முகப்பில் 24 துண்டுகளாக எரியும் விளக்கு வளையம் ஒன்று உண்டு. பதியும்போது சிவப்பாகவும் ஒலிக்கும்போது பச்சையாகவும் சுற்றிவரும் அந்த வளையத்தைப் பார்த்தே, பக்கத்தில் உடுக்கை அடிப்பவர் சுற்று எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இது அழகுக்காக வைத்த விளக்கு அன்று. பதிவை முடிக்கும் மிதி நொடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தினால், தன் காலப்பிரமாணத்தில் உறுதியாக நிற்கும் உறுமிக்காரருக்கும் பெடலுக்கும் இருபது சுற்றுகளில் ஒரு முழு நொடி விலகல் வந்துவிடும். கடைசி அடி முடிந்தவுடன் மிதிக்காமல், அடுத்த சுற்றின் முதல் அடியிலேயே கால் விழும்படி பழக வேண்டும்.

லூப் கோரில் 99 பதிவுகளைச் சேமிக்கலாம். உள்ளேயே டிரம் தாளங்களும் உண்டு. வீட்டில் பயிற்சி செய்ய அவை உதவும். பம்பையும் உறுமியும் நேரில் ஒலிக்கும் மேடையில் அந்த டிரம்முக்கு இடமில்லை என்பது என் கருத்து.

பெடலைவிட அதிகம் யோசிக்க வேண்டியது மைக்கைப் பற்றி. இந்த மூன்றும் கிடாருக்காகச் செய்யப்பட்டவை. மைக்கிலிருந்து வரும் மெல்லிய ஒலிக்குறியை நேராகச் செருகினால் குரல் சன்னமாகவும் இரைச்சலோடும்தான் பதியும். பெரிங்கர் ஸீனிக்ஸ் 802 போன்ற சிறிய மிக்ஸர் ஒன்றை வாங்கி, அதிலுள்ள எஃப்எக்ஸ் சென்ட் துளையிலிருந்து (ஒலியை வெளிக்கருவிக்கு அனுப்பும் துளை) பெடலுக்கு ஒரு கம்பியும், பெடலிலிருந்து மிக்ஸரின் வேறொரு சேனலுக்கு இன்னொரு கம்பியும் கொடுங்கள். இப்படிச் செய்தால் எந்தக் குரல் சுழல வேண்டும், எது நேராகப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு சேனலின் குமிழிலும் தீர்மானிக்கலாம். திரும்பி வரும் சேனலில் எஃப்எக்ஸ் குமிழைக் கட்டாயம் பூஜ்யத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒலி பெடலுக்கே மறுபடி போய்க் கூச்சலிடும். மானிட்டர் ஸ்பீக்கரும் மைக்கின் முதுகுப்பக்கமே இருக்க வேண்டும். அது முன்னால் இருந்தால், ஒவ்வொரு மேலடுக்கிலும் பழைய ஒலியே மறுபடி பதிந்து குழம்பிவிடும்.

குரல் மட்டுமே போதும் என்பவர்கள், பாஸ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட ஆர்சி-30, ஒருவர் பயன்படுத்தியதாக இருந்தாலும் நல்ல நிலையில் கிடைத்தால் அதைத் தாராளமாக வாங்கலாம். மைக்கை நேராகச் செருகும் எக்ஸ்எல்ஆர் துளையும், கண்டென்ஸர் மைக்குக்கான ஃபாண்டம் மின்சாரமும், இரண்டு தடங்களும் அதில் இருப்பதால் மிக்ஸர் செலவு மிச்சமாகும். விற்பவரிடம் இரண்டு மிதிசுவிட்சுகளையும் பலமுறை மிதித்துக் காட்டச் சொல்லுங்கள். கோவையிலோ ஈரோட்டிலோ கடைக்குப் போகிறவர்கள் தங்கள் மைக்கையும் கையோடு கொண்டுபோக வேண்டும். கிடாரில் கேட்டுப் பார்த்து உங்கள் குரலுக்கு முடிவெடுக்க முடியாது.

எந்தப் பெடலாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. கும்மி மெதுவாகத் தொடங்கிப் போகப்போக வேகம் பிடிக்கும். பதிந்த சுற்றோ ஆட்களோடு சேர்ந்து தானாக வேகம் பிடிக்காது. அதனால் தொகையறாவுக்கும் மெதுவான முதற்பகுதிக்கும் சுருதியாகவும் கோரஸாகவும் லூப்பரை வைத்துக்கொண்டு, வேகம் ஏறும் இடத்தில் அதை நிறுத்திவிட்டு ஆட்களை மட்டும் வாசிக்க விடுவதே முறை. நிறுத்தும் சுவிட்சை நான் இவ்வளவு வலியுறுத்துவதும் இதற்காகத்தான்.

ஆர்சி-1க்கு அடாப்டர் தனியாகத்தான் வாங்க வேண்டும். 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் என்று அதன்மேல் குறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொதுவாகக் கிடைக்கும் பல அடாப்டர்களில் நடுமுனை நேர்மின்னாக இருக்கும். திருவிழாப் பந்தலில் சீரியல் விளக்குகள் ஓடும் இணைப்பிலேயே பெடலையும் செருகினால் உறுமல் ஒலி வரக்கூடும் என்பதால், ஒலிபெருக்கிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் மிக்ஸருக்கு எடுக்கும் இணைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் மாற்றும் நேரத்தில் பாட்டு அறுந்துபோகாமல் இருக்க, பெடலுக்குள் புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கட்டும்.