செவலைக்கு ஒரு வீடு: ஒரு நாய்க் காப்பகத்தின் தத்துச் சேவை பற்றி

தென்சென்னையின் விளிம்பில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதை ஒன்றின் கோடியில் உள்ள நாய்க் காப்பகத்திலிருந்து, செவலை என்னும் பெண் நாயைப் பொங்கல் முடிந்த வாரத்தில் தற்காலிக வளர்ப்புக்காக அழைத்துவந்து, ஏழு வாரங்கள் என் வீட்டில் வைத்திருந்தேன். அந்தக் காப்பகத்தார் தத்துக் கொடுக்கும் முறையில் எதை நம்பலாம், எதை அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். பெயரையும் வழியையும் எழுதாமல் விடுவது அவர்கள் கேட்டுக்கொண்டதால்தான். இடம் தெரிந்துவிட்டால், இரவோடு இரவாக அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்து வாசலில் விட்டுப் போகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். ஏற்கெனவே நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களுக்குச் சோறு வடிக்கும் இடம் அது.

செவலைக்கு இரண்டு வயது இருக்கலாம் என்று பல்லைப் பார்த்துக் கணித்திருக்கிறார்கள். நாட்டு நாய்; செங்கல்பொடி நிறம், மூக்கைச் சுற்றிக் கருப்பு, முன்வலப் பாதம் மட்டும் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்தது போல வெள்ளை. எட்டு மாதம் இருக்கும்போது பெரும்பாக்கம் பக்கத்தில் தண்ணீர் லாரிகள் நிற்கும் ஓரிடத்தில், பின்னங்காலில் காயத்துடன் ஒரு லாரியின் அடியில் ஒடுங்கிக் கிடந்தவளைத் தூக்கி வந்திருக்கிறார்கள். காயம் ஆறி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த பிறகு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவதுதான் முறை. சென்னையில் புளூ கிராஸ் என்னும் விலங்கு நல அமைப்பு 1964இல் கைக்கொண்ட அந்த வழி, 2001இல் நாடு முழுமைக்கும் விதியாக வந்து, 2023இல் புது விதிகளாகவும் வெளியானது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று தந்த உத்தரவிலும், வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்ற நாய்களை அதே இடத்தில் விடவேண்டும் என்றே இருக்கிறது. செவலையின் விஷயத்தில், திரும்ப விடுவதற்கு அந்த இடம்தான் இல்லாமல் போயிற்று. லாரிகள் நின்ற நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். பக்கத்துத் தெருக்களில் வேறு நாய்க்கூட்டங்கள் இருந்தன. எதிர்த்து நிற்கத் தெரியாத இவளை அங்கே விட மருத்துவருக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் அவள் பதினாறு மாதங்களாகக் காப்பகத்தில் இருக்கிறாள்.

முதல் நாள் நான் போனபோது, கூண்டின் பின்சுவரில் முதுகை ஒட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை மட்டும் தெரிய என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாய்கள் கம்பியில் ஏறிக் குரைத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் மூச்சுவிடுவதுகூடத் தெரியாமல் இருந்தாள். இந்தக் காப்பகத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டானது அந்த இடத்தில்தான். அவளை இழுத்து வந்து என் மடியில் திணிக்க யாரும் முயலவில்லை. அங்கே வேலை பார்க்கும் அம்மா ஒருவர் ஒரு மணையைக் கூண்டுக்குள் போட்டு, என்னைப் பக்கவாட்டில் உட்காரச் சொல்லி, "நீங்க அவளைப் பாக்காதீங்கம்மா, அவ உங்களைப் பாக்கட்டும்" என்றார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று அவள் அசையவில்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் தரையில் வைத்த ஈரல் துண்டை, நான் வெளியே போன பிறகு எடுத்துத் தின்றிருக்கிறாள். மூன்றாவது ஞாயிறு, நான் இருக்கும்போதே தின்றாள். ஒவ்வொரு முறையும் எனக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள், சலித்துக்கொள்ளவே இல்லை.

அவளைப் பற்றி அவர்கள் மறைத்ததும் எதுவும் இல்லை. குட்டிகள் பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரையிலான காலத்தில் மனிதர்கள், சத்தங்கள், வண்டிகள், வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றோடு நல்லவிதமாகப் பழகியிருந்தால் அந்தப் பழக்கம் ஆயுளுக்கும் நிற்கும் என்றும், இவளுக்கு அந்தக் காலம் லாரி இன்ஜின்களுக்கு நடுவில் கழிந்திருக்கிறது என்றும், அதனால் கூச்சம் குறையுமே ஒழிய முற்றிலும் மறையும் என்று யாருக்கும் உறுதி கூற மாட்டேன் என்றும் மருத்துவர் எடுத்துச் சொன்னார். இதுவரை யாரையும் கடித்ததில்லை, பயந்தால் உறைந்துபோவாள் அல்லது ஓடுவாள் என்பதையும் பதிவேட்டைக் காட்டியே சொன்னார். பயந்த நாய் பின்வாங்கி நடந்து கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும் என்பதால், கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப்பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு என்று மாட்டிக் காட்டி, என்னையும் நான்கு முறை மாட்டச் செய்த பிறகே வண்டியில் ஏற்றினார்கள். காப்பகத்திலிருந்து போன முதல் வாரத்தில் தொலைந்துபோகும் நாய்கள் இருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பயிற்சியின் அருமை புரியும்.

என் வீட்டில் முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். ஆள் நடமாட்டம் இருந்தால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு, நான் தூங்குவதாக நினைத்து, நகம் தரையில் படும் ஓசையைக்கூட அடக்கிக்கொண்டு வந்து குடித்துவிட்டுப் போவாள். குக்கர் விசில், மிக்சி, பக்கத்து வீட்டுக் கதவு எல்லாவற்றுக்கும் உடல் குறுகும். ஐந்தாம் நாள் தலையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டினாள். பதினோராம் நாள் சமையலறையில் நின்றுகொண்டிருந்த என் குதிகாலில் ஈரமான மூக்கின் நுனி ஒரு கணம் பட்டது. நான் திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். மூச்சுக் காற்று கணுக்கால் வரை ஊர்ந்து, பிறகு விலகியது.

அவளை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் என் அம்மாதான். எழுபத்தெட்டு வயதில் முழங்கால் வலியோடு நாளின் பெரும்பகுதியைச் சாய்வு நாற்காலியில் கழிப்பவர். அவர் அவளைக் கூப்பிட்டதே இல்லை, அவள் இருப்பதாகக் காட்டிக்கொண்டதும் இல்லை. ஒரு நாள் மாலை முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, செவலை நாற்காலிக்குக் கீழே வந்து படுத்தாள். கீழே விழுந்த காம்பு ஒன்றை முகர்ந்து, வாயில் கவ்வி, பெரிய திருட்டு செய்துவிட்டவள் போலக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். மறுநாளிலிருந்து அம்மா வேண்டுமென்றே ஒரு காம்பைத் தவறவிடத் தொடங்கினார். நான்காம் வாரத்தில் அம்மாவின் தொங்கிய கைக்குக் கீழே தன் தாடையைக் கொண்டுவந்து வைத்தாள். தலைக்கு மேலிருந்து வரும் கைக்கு இன்றும் ஒடுங்குகிறாள். தாடைக்குக் கீழிருந்து வரும் கையை நம்புகிறாள்.

அப்படியென்றால் ஏன் திருப்பி அனுப்பினாய் என்று கேட்பீர்கள். அம்மா வாக்கர் பிடித்து நடப்பவர். ஆறாம் வாரத்தில் தெருவில் யாரோ வெடித்த சரவெடிக்குப் பயந்து செவலை கூடத்தின் குறுக்கே ஓடியபோது வாக்கரின் காலில் மோதினாள். சுவர் அருகில் இருந்ததால் அம்மா விழாமல் தப்பினார். அதற்குப் பிறகு இருவரையும் ஒரே கூடத்தில் விட எனக்குத் துணிவில்லை. இங்கேதான் காப்பகத்தின் மேல் என் முதல் குறை. அவர்களுடைய விண்ணப்பப் படிவம் சொந்த வீடா வாடகையா, மாதச் சம்பளம் எவ்வளவு, பால்கனியில் கம்பி இருக்கிறதா என்றெல்லாம் இரண்டு பக்கம் கேட்கிறது. வீட்டில் கம்பு ஊன்றி நடப்பவரோ தவழும் குழந்தையோ இருக்கிறார்களா என்று ஒரு வரி கேட்கவில்லை. பயந்த நாயை அனுப்பும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. நானும் சொல்லவில்லை, எனக்கு அது தோன்றவில்லை. இதைச் சொன்னபோது அவர்கள் மறுக்காமல் குறித்துக்கொண்டார்கள்.

இன்னொரு குறை, மாதம் ஒரு ஞாயிறு நகருக்குள் ஒரு மண்டபத்தில் அவர்கள் நடத்தும் தத்து நாள். துள்ளும் குட்டிகள் காலையிலேயே போய்விடுகின்றன. அவற்றுக்கு அது நல்ல ஏற்பாடுதான். செவலையை இரண்டு முறை அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கூண்டின் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி வந்த பிறகு இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். இப்போது அவளைக் கொண்டுபோவதில்லை. ஆனால் அதற்கு ஈடாக வேறு எதையும் செய்யவும் இல்லை. அவளைக் காட்ட அவர்களிடம் இருப்பது பிளாஷ் அடித்து எடுத்த ஒரே படம். காது மடிந்து, கண் பச்சையாக மின்ன, பார்ப்பவருக்கு நோயாளி நாய் என்றே தோன்றும். மொட்டை மாடியில் காலை வெயிலில் காதுகள் நிமிர்ந்து, காகத்தைப் பார்த்துத் தலை சாய்த்து நிற்கும் படங்களை நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கூச்ச சுபாவமுள்ள நாய்களுக்கென்று மாதம் ஒரு விடியற்காலையை ஒதுக்கி, இரண்டு மூன்று பேரை மட்டும் காப்பகத்துக்கே வரவழைத்தால் போதும், செலவில்லாத காரியம்.

தத்துக்குக் கட்டணம் கிடையாது, நன்கொடையும் வற்புறுத்திக் கேட்பதில்லை. சோறு, கோழிக் கழுத்து, காரட், சிட்டிகை மஞ்சள், மதியம் தயிர்ச்சோறு என்று மாதத்துக்கு எனக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கியது. வெங்காயம், திராட்சை, சாக்லெட் கண்ணில் காட்டக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும், உண்ணிக் காய்ச்சலுக்கு நம் ஊரில் எந்த மாதமும் விதிவிலக்கில்லை. தனியார் மருத்துவமனைக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. கூட்டம் அதிகம் என்பதால் செவலையைப் போன்ற நாயுடன் காலையில் சீக்கிரம் போவது நல்லது. மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமமும் மைக்ரோசிப்பும் எடுக்க வேண்டும். தத்தெடுத்த தெருநாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்று மேலே சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவே கூறுகிறது; ஆகவே அரை மனதாக இருப்பவர்கள் முதலில் தற்காலிக வளர்ப்புக்குக் கேட்பதே நேர்மை, காப்பகத்தாரும் அதற்கு முகம் சுளிப்பதில்லை.

செவலைக்கு ஏற்ற வீடு என்று என் மனத்தில் இருப்பது இதுதான்: சிறு குழந்தைகள் இல்லாத, தடுமாறாமல் நடக்கும் பெரியவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கும் வீடு, பகலில் ஒருவராவது இருக்க வேண்டும், கதவைத் திறந்ததும் தெரு வந்துவிடாமல் நடுவில் ஒரு கேட் இருந்தால் நல்லது, ஏற்கெனவே சாதுவான நாய் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, காப்பகத்தில் மற்ற நாய்களின் பின்னால்தான் அவள் தைரியமாக நடக்கிறாள். தீபாவளி வாரத்தில் ஊருக்குப் போகாமல் அவளோடு இருக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். வந்த அன்றே வாலாட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அவள் பொருந்த மாட்டாள்.

விருப்பமுள்ளவர்கள் எனக்கு எழுதினால் காப்பகத்தாரிடம் சேர்ப்பிக்கிறேன்; தொலைபேசியில் பேசிய பிறகு அவர்களே வழி சொல்வார்கள். காலை ஏழு மணிக்கு, சோறு வைப்பதற்கு முன்பு போங்கள். உப்புப் போடாமல் வேகவைத்த ஈரல் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பமரத்தை ஒட்டிய மூன்றாவது கூண்டு. போன ஞாயிறு நானும் அம்மாவின் முறத்திலிருந்து எடுத்த ஒரு முருங்கைக் காம்போடு போயிருந்தேன். கம்பி அருகே வந்து, அதை வாங்கிக்கொண்டு, மூலையில் விரித்திருந்த சாக்கின் கீழே ஒளித்துவைத்துவிட்டு, மறுபடியும் எழுந்து என் பக்கம் வந்தாள்.