பச்சையா, உலர்ந்ததா, கடைப்பொடியா? எந்த மூலிகைக்கு எது சரி

வேப்பம்பூவோ தூதுவளையோ, எதை எடுத்தாலும் நம் முன்னால் மூன்று வழி இருக்கிறது. பருவத்தில் பச்சையாகப் பறித்து அன்றே சமைப்பது, உலர்த்தி டப்பாவில் போட்டு வைப்பது, இல்லையென்றால் கடையில் பொடி பாக்கெட் வாங்கிவிடுவது. பொடி வருடம் முழுக்கக் கிடைக்கிறது, வேலையும் மிச்சம் என்பதால் பலரும் நேராக அங்கே போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அதற்காக எல்லாமே பச்சையாகத்தான் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். மூலிகைக்கு மூலிகை பதில் மாறும்.

வேப்பம்பூவில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதில்தான் உலர்ந்த பூ பச்சைப் பூவைத் தோற்கடிக்கிறது. சித்திரை முதல் நாள் மாங்காய், வெல்லம் போட்டுச் செய்யும் பச்சடிக்குப் புதுப் பூதான் அழகு, அதில் போட்டியே இல்லை. ஆனால் ரசத்துக்கு வந்தால் கதை வேறு. பச்சைப் பூவை நெய்யில் போட்டால் அதில் இருக்கும் ஈரத்தில் முதலில் துவண்டு வதங்கும், மொறுமொறுப்பு வருவதற்குள் பாதி கருகிவிடும். நன்றாகக் காய்ந்த பூ சிறு தீயில் நிதானமாகச் சிவந்து, கரும்பழுப்பு நிறத்துக்கு வரும்போது கசப்போடு ஒரு வறுத்த மணமும் சேர்ந்துவிடும். ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு நெய்யோடு சேர்த்து மேலே கொட்ட வேண்டும், கொதிக்கும்போது போட்டால் ரசம் முழுக்கக் கசந்துபோகும்.

சேகரிப்பதும் பெரிய வித்தை இல்லை. பங்குனி, சித்திரையில் மரத்தடியில் இரவே ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்தால் விடியற்காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். முறத்தில் புடைத்துக் காம்பு, இலைத்துணுக்கு, எறும்பு எல்லாம் போக எடுத்து, கையில் நசுக்கினால் நொறுங்கும் அளவுக்கு வெயிலில் காயவைத்துவிட்டால் அடுத்த பங்குனி வரை வரும். ஒரு முறம் நிறைய அள்ளினாலும் காய்ந்தபின் ஒரு சின்ன டப்பாதான் தேறும், அதனால் தாராளமாக அள்ளுங்கள். பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலையோர மரம் மட்டும் வேண்டாம். இதைப் பொடியாக வாங்குவதில் அர்த்தமே இல்லை, பூவாக இருந்தால்தானே வறுக்க முடியும்?

அடுத்தது ஆவாரம்பூ. தை பிறக்கும்போது கொங்குப் பக்கம் பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுவார்களே, அந்த மஞ்சள் பூ. காய்ந்த தரிசு நிலத்தில் தானாகவே வளரும், பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பச்சைப் பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் லேசான துவர்ப்போடு நன்றாக இருக்கும். நிழலில் உலர்த்தினால் கஷாயம் போடத் தோதாக இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் எனக்கு ஏற்றத்தாழ்வு தெரியவில்லை. பொடிதான் பிரச்சினை. முழுப் பூவாக வாங்கினால் இதழ் எவ்வளவு, காம்பு எவ்வளவு, பூச்சி அரித்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம், அரைத்துவிட்டால் இலையும் குச்சியும் கலந்திருந்தாலும் யாருக்குத் தெரியும்? இன்னொன்று, 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடக் கூடாது.

மழைக்காலத்துக்கு வந்தால் பச்சைதான், பேச்சே இல்லை. துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் மணம் கொடுப்பது காற்றில் பறந்துபோகும் எண்ணெய், அரைத்துப் பொடியாக்கி மாதக்கணக்கில் வைத்தால் அதில் எவ்வளவு மிஞ்சும்? கற்பூரவல்லி இலை சதைப்பற்றோடு தண்ணீராக இருப்பதால் உலர்வதற்குள் கறுத்து அழுகவும் ஆரம்பித்துவிடும். ஒரு தண்டை ஒடித்துத் தொட்டியில் நட்டால் பிடித்துக்கொள்கிற செடி அது, பொடிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஐப்பசி, கார்த்திகையில் வேலியெல்லாம் படர்ந்து கிடக்கும் முடக்கத்தானும் அப்படித்தான், பறித்த அன்றே அரிசியோடு அரைத்து தோசை வார்த்தால்தான் அந்தப் பச்சை வாசனை இருக்கும்.

தூதுவளையில் மட்டும் பொடிக்காரர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, முள் அப்படி. தண்டில் மட்டுமில்லை, இலையைத் திருப்பிப் பார்த்தால் நடு நரம்பிலும் வளைந்த முள் இருக்கும். இலையை மட்டும் கத்தரியால் வெட்டி, பின்பக்க முள்ளையும் நறுக்கிவிட்டு, நெய்யில் வதக்கி மிளகு சீரகத்தோடு அரைத்து ரசம் வைத்தால், சளி பிடித்து நாக்கு செத்துக் கிடக்கும்போதுகூடச் சாப்பாடு இறங்கும். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் செய்யலாம்.

செம்பருத்தி வருடம் முழுக்கப் பூக்கிறது, அதை உலர்த்துவானேன்? ஐந்து இதழ் சிவப்புப் பூவைக் கொதிநீரில் போட்டால் தண்ணீர் மங்கிய ஊதாவாகும், எலுமிச்சை பிழிந்ததும் பளிச்சென்று சிவக்கும். குழந்தைகளுக்கு இதைக் காட்டினால் விடமாட்டார்கள்.

கடை ஜெயிக்கும் இடம் வேர்களும் கூட்டு மருந்துகளும்தான். நன்னாரியைத் தோண்டி எடுக்க எல்லோராலும் முடியாது, கோடைக்கு வேராகவே வாங்கித் தட்டி, நடுவில் இருக்கும் கட்டையை எடுத்துவிட்டு மேல்தோலை ஊறவைத்தால் மணம் முழுக்க வந்துவிடும். பாட்டில் சர்பத்தில் எசன்ஸ் எவ்வளவு, வேர் எவ்வளவு என்பது லேபிளைப் படித்தால்தான் தெரியும். நிலவேம்புக் குடிநீரில் வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு என்று நிலவேம்போடு சேர்த்து 9 சரக்கு, அதை வீட்டில் சேர்ப்பது நடக்காத காரியம். நம்பகமான இடத்தில் குடிநீர்ச் சூரணமாக, அதாவது கஷாயம் காய்ச்சும் பொடியாக வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

வாங்கும்போது அரைத்த தேதியைப் பாருங்கள். சித்த மருத்துவ முறையில் சூரணத்துக்கு 3 மாதம்தான் ஆயுள், காய்ச்சிய குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். காலையில் ஒரு சொம்பு காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் வரை குடிப்பதைவிட, வேளைக்கு ஒரு டம்ளர் காய்ச்சிக்கொள்வது நல்லது.