ஆர்.பி.ஆர்., டி.பி.எச்.ஏ., விரல்நுனிப் பட்டை: சிபிலிஸுக்கு எந்த டெஸ்ட் எப்போது?

பாலுறவில் பரவும் சிபிலிஸ் நோயின் கிருமியை வழக்கமான ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வழியில்லை. ரத்தத்தில் அது விட்டுவைத்த சுவட்டைத்தான் தேடுகிறோம். சுவடு இரண்டு வகை. சிதைந்த செல்களிலிருந்து கசியும் கார்டியோலிப்பின் கொழுப்புக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ஒன்று, வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். இரண்டும் இதைப் பிடிப்பவை. கிருமியின் புரதத்துக்கே எதிரானது மற்றொன்று, டி.பி.எச்.ஏ.வும், விரலில் குத்திப் பார்க்கும் பட்டையும் இந்த ரகம். முதலாவது, நோய் தீவிரமாக இருக்கும்போது ஏறும், மருந்துக்கு இறங்கும். இரண்டாவது ஒருமுறை வந்தால் பெரும்பாலோருக்கு ஆயுளுக்கும் போகாது. ‘எது உசத்தி?’ என்ற சண்டையே இதை மறப்பதால் வருவது.

சீட்டில் இன்றும் பலர் ‘வி.டி.ஆர்.எல்.’ என்றே எழுதுகிறார்கள். ஆய்வகத்தில் நடப்பதோ பல இடங்களில் ஆர்.பி.ஆர். அதற்குக் காரணம் உண்டு. வி.டி.ஆர்.எல்.லுக்கு சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரை) 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும், ஆன்டிஜனை (எதிர்ப்பொருளைப் பிடிக்கும் கலவையை) அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், பார்ப்பதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். ஆர்.பி.ஆரில் கரித்தூள் சேர்த்த ஆன்டிஜன் தயாராக வருகிறது. அட்டையின் 18 மி.மீ. வட்டத்தில் 50 மைக்ரோலிட்டர் சீரம் அல்லது பிளாஸ்மா, அதன்மேல் ஊசியிலிருந்து ஒரு சொட்டு ஆன்டிஜன், அட்டையைச் சுழற்றும் ரொட்டேட்டரில் நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் 8 நிமிடம். கருப்புத் துகள் திரண்டால் ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ். தண்டுவட நீருக்கு மட்டும் வி.டி.ஆர்.எல்.லை விட்டுவிட முடியாது.

ஆர்.பி.ஆர். கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, குளிரோடு ஆன்டிஜனை விட்டால் லேசான பாசிட்டிவ் நழுவும்; அறை வெப்பத்துக்கு வந்த பிறகே விட வேண்டும். ஊசியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். மூடியில்லாத ரொட்டேட்டர் மேல் ஃபேன் ஓடினால் வட்டத்தின் ஓரம் காய்ந்து, திரண்டதுபோலத் தெரியும். ஈரம் இருக்கும்போதே பார்த்து முடிக்க வேண்டும்.

இவற்றைவிட மோசமான ஏமாற்று புரோசோன். எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தால் துகள் திரளாமல் போய் ‘நெகட்டிவ்’ வரும். உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்போடு வருபவருக்கு, அதாவது நோய் உச்சத்தில் இருப்பவருக்கு, இது நடக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் கூடுதல் கவனம் வேண்டும். ஆய்வக நுட்புநரிடம் ‘1:16 வரை நீர்த்துப் பாருங்கள்’ என்று சீட்டிலேயே எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் செய்வதில்லை.

எதிர்த்திசையிலும் தவறு உண்டு. கர்ப்பம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), தொழுநோய், மலேரியா போன்றவற்றில் சிபிலிஸ் இல்லாமலே ஆர்.பி.ஆர். ரியாக்டிவ் ஆகலாம், அளவு (எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் ரியாக்டிவ் ஆகிறது என்பது) பொதுவாக 1:8ஐத் தாண்டாது. டி.பி.எச்.ஏ. தேவைப்படுவது இங்கேதான். கிருமியின் ஆன்டிஜன் பூசிய சிவப்பணுக்கள், 1:80 நீர்த்த சீரம், அசையாத மேசையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். குழியின் அடியில் விரிப்பாகப் படர்ந்தால் பாசிட்டிவ். பொத்தான்போல நடுவில் குவிந்தால் நெகட்டிவ். ஆன்டிஜன் பூசாத கன்ட்ரோல் குழியும் விரிந்தால் அந்த முடிவு செல்லாது. பக்கத்தில் சென்ட்ரிஃபியூஜ் ஓடும் மேசையில் இதை வைத்துவிட்டு, முடிவு குழப்புகிறது என்று கிட்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

விரல்நுனிப் பட்டை வேகத்துக்கானது. ஒரு சொட்டு ரத்தம், சுமார் 15-20 நிமிடம், கரண்ட் வேண்டாம். எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் ஒரே பட்டையில் பார்க்கும் கிட்டை, கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனையாகப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. எச்.ஐ.வி. கோடு தெரிந்தால் அதுவே முடிவல்ல. நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தில்) வேறு கிட்களால் உறுதிசெய்த பிறகே சொல்ல வேண்டும். ஏற்கெனவே எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை எடுப்பவருக்கு இந்த இரட்டைப் பட்டை வேண்டாம். சிபிலிஸுக்கு மட்டும் தனியாகப் பார்க்கலாம். குறித்த நேரம் கடந்து மெல்லத் தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பட்டையின் பெரிய குறை வேறு: முன்பே சிகிச்சை முடித்தவருக்கும் அது பாசிட்டிவ் காட்டும்.

ஆக, ஆர்.பி.ஆரும் டி.பி.எச்.ஏ.வும் பாசிட்டிவ் என்றால், முன்பு முறையாகச் சிகிச்சை எடுத்து அளவு இறங்கி நிற்பவர் தவிர மற்றவருக்கு மருந்து. ஆர்.பி.ஆர். மட்டும் என்றால் பெரும்பாலும் பொய்ப் பாசிட்டிவ். டி.பி.எச்.ஏ. மட்டும் என்றால் மூன்று சாத்தியம்: பழைய, குணமான நோய், இப்போதுதான் தொற்றிய நோய், நாள்பட்டு மறைந்து கிடக்கும் நோய். சிகிச்சை எடுத்த சான்று இல்லாவிட்டால் மருந்து கொடுப்பதே சரி. இரண்டும் நெகட்டிவ், ஆனால் வலியில்லாத புண் இருக்கிறது என்றால் ‘இல்லை’ என்று அனுப்பாதீர்கள்; புண் வந்து ஒன்று முதல் நான்கு வாரம் கழித்தே ஆர்.பி.ஆர். மாறும். அன்றே மருந்து கொடுத்துவிட்டு, பிறகு மறுபடி ரத்தம் எடுக்கலாம்.

மருந்து பென்சதீன் பெனிசிலின். ஆரம்ப நிலைக்கு 24 லட்சம் யூனிட் ஒருமுறை, பிட்டத்தின் இருபுறமும் பாதிப் பாதியாக, தசையில் மட்டும். ரத்தநாளத்தில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஓராண்டைத் தாண்டிய அல்லது காலம் தெரியாத நோய்க்கு அதே அளவு, வாரம் ஒன்றாக மூன்று. கலவை கெட்டியானது, மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், 21 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த ஊசி வேண்டும். அன்றிரவு காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கிருமி சாவதன் விளைவு அது, மருந்து அலர்ஜி என்று எழுதிவிட்டால் அடுத்த முறை பெனிசிலின் கிடைக்காமல் போகும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஆரம்ப நிலையில் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இருவேளை 14 நாள்; கர்ப்பிணிக்கு அது கூடாது, பெனிசிலினுக்கே உடலைப் பழக்கி ஏற்ற வேண்டும்.

பட்டையில் பாசிட்டிவ் வந்த கர்ப்பிணிக்கு அன்றே முதல் ஊசி போடலாம், ஆனால் அதற்கு முன் ஆர்.பி.ஆருக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். பின்னால் ஒப்பிட அந்த நாளின் அளவுதான் அடிப்படை. குணமானதா என்று சொல்வது ஆர்.பி.ஆர்., வி.டி.ஆர்.எல். வகை மட்டுமே, 6, 12 மாதங்களில் பார்க்க வேண்டும், எச்.ஐ.வி. உள்ளவருக்கு இன்னும் அடிக்கடி. 1:32 இருந்தது 1:8 ஆனால் நான்கு மடங்கு இறக்கம், நல்ல செய்தி. 1:8 இருந்தது 1:4 ஆனால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு படி முன்பின் ஆவது டெஸ்டின் இயல்பு. ஒரு மாதம் வி.டி.ஆர்.எல்., மறு மாதம் வேறு லேபில் ஆர்.பி.ஆர். என்று எடுத்து ஒப்பிடுவதும் பயன் தராது.

பிறந்த குழந்தைக்கு டி.பி.எச்.ஏ. எடுப்பது வீண். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாக வந்து ஓராண்டுக்கு மேலும் தங்கும். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே நாளில் ஆர்.பி.ஆர். எடுத்து அளவை ஒப்பிட வேண்டும். குழந்தையின் ரத்தத்தைத் தொப்புள்கொடியிலிருந்து எடுக்காமல் குழந்தையிடமிருந்தே எடுக்க வேண்டும். குழந்தையின் அளவு தாயினுடையதைப்போல் நான்கு மடங்கு என்றால் நோய் இருப்பதாகக் கொள்ளலாம். அவ்வளவு இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது. தாய்க்குப் பெனிசிலின் போட்டு 30 நாளாவது ஆன பிறகு பிரசவம் நடந்ததா என்று கேட்டுத்தான் குழந்தைக்கு மருந்து பற்றி முடிவெடுக்க வேண்டும்.