எழும்பூரில் இரண்டு நாள் ஆப்பிரிக்க வணிகப் பயிற்சி: மண்ணடித் துணிக்காரரின் மதிப்பீடு

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு விடுதியின் முதல் மாடிக் கூடத்தில், ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சரக்கு அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர்களுக்கென நடந்த இரண்டு நாள் கட்டணப் பயிற்சியில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். ஆப்பிரிக்க நாடுகள் தமக்குள் சுங்க வரியைக் குறைத்துக்கொள்ள ஏற்படுத்திய ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதி முதல் நாளுக்கும், காலநிலை மாற்றத்தில் அந்நாடுகளின் கூட்டு நடவடிக்கை இரண்டாம் நாளுக்கும் என்று பாடம் பிரிக்கப்பட்டிருந்தது. கட்டணம், ஜிஎஸ்டி உட்பட, பதினோராயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டியது. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்தியவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் ஏன் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணடியில் எங்கள் கடையிலிருந்து பதினெட்டு ஆண்டுகளாக மெட்ராஸ் கட்டத் துணியும் பூவேலை செய்த ஜார்ஜ் துணியும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயரால்தான் அதற்கு ஜார்ஜ் என்ற பெயர் வந்தது என்பார்கள். நைஜீரியாவின் இக்போ பெண்களுக்கு அது இல்லாமல் கல்யாணம் இல்லை. 2019 ஜூலை 7 அன்று நியாமே நகரில் கூடிய மாநாட்டில் நைஜீரியாவும் பெனினும் ஒரே நாளில் இந்தத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த மாதமே நைஜீரியா தன் நில எல்லைகளைச் சரக்குப் போக்குவரத்துக்கு மூடிவிட்டது. நைஜீரியாவுக்குப் போகவேண்டிய எங்கள் பேல்கள், அதாவது துணிப் பொதிகள், பக்கத்து நாடான பெனினின் கோட்டனு துறைமுகக் கிடங்கில் தேங்கின. எல்லை 2020 டிசம்பரில்தான் திறந்தது, அதற்குள் கிடங்கு வாடகையே லாபத்தைத் தின்றுவிட்டது. இரு நாடுகளும் 1975 முதல் எக்கோவாஸ் என்னும் ஒரே பொருளாதாரக் கூட்டமைப்பில் இருப்பவை. கையெழுத்துக்கும் கதவுக்கும் நடுவே இவ்வளவு தூரம் ஏன் என்ற கேள்வியோடுதான் நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் பயிற்சியாளர் சுங்கத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ஆப்பிரிக்கப் பொருளாதாரங்களை ஒன்றிணைக்க வந்த 1980 லாகோஸ் திட்டம், 1991 அபுஜா உடன்படிக்கை, 2018 மார்ச்சில் கிகாலியில் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் 44 நாடுகளின் கையெழுத்து, 2019 மே 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது, 2021 ஜனவரி 1 முதல் வணிகம் தொடங்கியது என்று வரலாற்றை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, நேரே சுங்க வரிப் பட்டியலுக்கு வந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. நூற்றுக்கு 90 வகைப் பொருள்களுக்கு வரி படிப்படியாக நீங்கும், 7 வகைகளுக்குக் கூடுதல் கால அவகாசம் உண்டு, 3 வகைகளை நாடுகள் விலக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதை அவர் விளக்கியபோது, "அந்த மூன்றில் எது இருக்கிறது என்று பாருங்கள், நாட்டின் பயம் எங்கே என்பது தெரிந்துவிடும்" என்றார்.

அன்று வந்திருந்த பலருக்கு ஒரு தப்பெண்ணம் இருந்தது. எனக்கும் பாதி இருந்தது. சென்னையிலிருந்து மொம்பாசாவுக்கு ஒரு முறை வரி கட்டி இறக்கிவிட்டால், அங்கிருந்து அக்ரா வரை சரக்கு வரியில்லாமல் உருண்டு போய்விடும் என்று நினைத்திருந்தோம். ஆனால் சலுகை ஆப்பிரிக்காவில் பிறந்த சரக்குக்கு மட்டுமே. எந்தச் சரக்கு எங்கே பிறந்தது என்பதைத் தீர்மானிக்கும் பிறப்பிட விதிகளில், பெட்டி மாற்றுவதும் சீட்டு ஒட்டுவதும் கணக்கில் சேராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்பத்தூர் உதிரிபாக வியாபாரி இதைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வெற்றுப் பிறப்பிடச் சான்றிதழைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். மூன்று இடங்களில் தவறு செய்தேன், அதில் ஒன்று பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவரும் தவறு.

நான் ஒரு கேள்வி கேட்டேன். நைஜீரியாவின் கலபரி இனத்துப் பெண்கள் நம் கட்டத் துணியை வாங்கி, பிளேடால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவியெடுத்து, லேஸ் போல மெல்லியதாக வேறொரு கோலத்தையே அதில் கொண்டுவந்துவிடுவார்கள். சல்லடையாய்க் கைக்கு வரும் அந்தத் துணி நைஜீரியத் துணியா, மெட்ராஸ் துணியா? அவர் உடனே பதில் சொல்லவில்லை, தண்ணீர் குடித்தார். சரக்கு எந்த வகை என்று குறிக்கும் சுங்கத் தலைப்பு எண் மாறாது, ஆனால் கைவேலையால் கூடிய மதிப்பு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும், அந்தப் பொருளுக்கு எந்த அளவுகோல் பொருந்தும் என்பதை விதிப் பட்டியல்தான் சொல்லும் என்றார். வாகனங்களுக்கும் ஜவுளிக்குமான விதிகள்தான் பேச்சுவார்த்தையில் கடைசிவரை இழுபறியாக இருந்தவை என்றும் சேர்த்துக்கொண்டார். தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொன்ன அந்த நேர்மைக்காகவே கட்டணத்தில் பாதி தகும்.

இரண்டாம் நாள் வேறு ஆள், வேறு தரம். உலக உமிழ்வில் ஆப்பிரிக்காவின் பங்கு 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்ற ஒரே செய்தி ஐந்து திரைகளில் ஐந்து நிறங்களில் வந்தது. 2009 முதல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் காலநிலைப் பேச்சுகளில் ஒரே குரலாகப் பேச ஒரு குழு வைத்திருப்பதும், 2022இல் ஷார்ம் எல் ஷேக் காலநிலை மாநாட்டில், காலநிலைப் பாதிப்புக்கு ஆளாகும் ஏழை நாடுகளுக்கு உதவும் இழப்பு–சேத நிதிக்கு ஒப்புதல் கிடைத்ததும் வரிசையாகச் சொல்லப்பட்டன. ஆனால் ஆப்பிரிக்கத் தலைவர்களின் 2023 செப்டம்பர் நைரோபிப் பிரகடனம் கப்பல் போக்குவரத்தின் மீதும் கரிம வரி, அதாவது கரிம உமிழ்வுக்கான வரி, கேட்டிருக்கிறது என்ற வாக்கியத்தை, கப்பலில் சரக்கு அனுப்பிப் பிழைக்கும் நாற்பது பேரின் முன்னால், அன்றைய பயிற்சியாளரான அம்மையார் படித்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விட்டார். அந்த வரி வந்தால் எங்கள் பேலுக்கு என்ன கூடும் என்று ஒருவர் கேட்டதற்கு, அது கொள்கை சார்ந்தது என்றார்.

ஒரே ஒரு இடத்தில் கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் கீழ் நாடுகள் சேர்ந்து நடத்தும் வறட்சிக் காப்பீட்டில், செயற்கைக்கோள் காட்டும் மழையளவை வைத்தே இழப்பைக் கணக்கிட்டு, 2014 வறட்சிக்காக செனகல், மொரிட்டானியா, நைஜர் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 2.6 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள் என்று அவர் சொன்னபோது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த எங்கள் முப்பத்திரண்டு பேலுக்கான காப்பீட்டுப் பணத்துக்கு நான் பதினான்கு மாதம் அலைந்தது நினைவுக்கு வந்தது. நனைந்ததை நிரூபிக்க நனைந்த துணியையே கேட்டார்கள்.

என் பெரிய மனக்குறை, இரண்டு நாள்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை என்பது. இந்த வணிக ஒப்பந்தத்தில் காலநிலைக்கெனத் தனி நெறிமுறை இல்லை. பயிற்சியும் அதே பிரிவினையை அப்படியே பின்பற்றிவிட்டது. பெனின் நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். மானாவாரியாக விளையும் அதன் பருத்தி பெரும்பாலும் பஞ்சாகவே வங்கதேசம் போன்ற நாடுகளுக்குக் கப்பலேறுகிறது, பிறகு துணியாகி இன்னொரு கப்பலில் ஆப்பிரிக்காவுக்கு வருகிறது. இப்போது கோட்டனுவுக்கு அருகே குளோ ஜிக்பே தொழில் மண்டலத்தில் அந்தப் பஞ்சையே நூலாக்கி ஆடை தைக்கிறார்கள். அது லாகோசுக்கு லாரியில் போனால் கடல் பயணம் இரண்டும் மிச்சம், சுங்கச் சலுகையும் உண்டு. மழை பொய்த்தால் அந்த ஆலையும் நிற்கும், எங்கள் வாடிக்கையாளர் கையிலும் காசு இருக்காது. பெனினிலேயே ஆடை தயாராவது எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தியல்ல என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் காசு கொடுத்துக் கேட்க வந்தோம்.

கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று எக்கோவாஸிலிருந்து விலகிவிட்டன. கையேட்டில் இன்னும் உறுப்பு நாடுகளாகவே அச்சாகியிருக்கின்றன. பயிற்சியாளரிடம் காட்டியபோது தன் பிரதியில் அடித்துத் திருத்திக்கொண்டார். உள்ளூர் நாணயங்களிலேயே நாடு விட்டு நாடு பணம் செலுத்த 2022இல் தொடங்கப்பட்ட பாப்ஸ் முறைக்கு அரைப் பக்கம்தான். டாலர் கிடைக்காமல் எத்தனை ஆர்டர்கள் தள்ளிப்போயின என்று தெரிந்தவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் கொடுத்திருப்பார்கள். சாப்பாடு நன்று, குளிர்சாதனம் அதிகம், வண்டி நிறுத்த இடம் கிடையாது.

புதிதாக ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதல் நாளுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டபோது இல்லை என்றார்கள். நாடுவாரியான ஜவுளி வரி அட்டவணையை ஒரு வாரத்தில் மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. இதற்கிடையே கோட்டனு வாடிக்கையாளர் தொலைபேசியில், துணியை அங்கேயே நெய்துகொண்டு பூவேலைக்கு மட்டும் சென்னைக்கு அனுப்பினால் அது யாருடைய துணி என்று கேட்டார். அட்டவணை வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.